பள்ளிக்கூடத்தில் கலைஞருக்கு என்ன வேலை? படைப்பாற்றல் கூட்டுத் திட்டங்கள் இயங்கும் விதம்

“மாணவர்களின் படைப்பாற்றலை வளர்க்கக் கலைஞர்களோடு கைகோர்க்கிறோம்” என்று ஒரு பள்ளியோ கல்வித்துறையோ அறிவித்தால் போதும், இரண்டு குரல்கள் உடனே எழும். “இருக்கிற பாடத்தை முடிக்கவே நேரமில்லை, இதில் பொம்மலாட்டம் வேறா?” என்பது ஒன்று. “இனிமேலாவது பிள்ளைகள் சுயமாக யோசிப்பார்கள்” என்பது இன்னொன்று. அந்தத் திட்டத்தில் அன்றாடம் என்ன நடக்கும் என்பது இரு தரப்புக்கும் தெரியாது. அறிவிப்பிலும் அது இருக்காது.

இந்தப் பேச்சு இப்போது கூடியிருப்பதற்கு ஒரு காரணம் பீசா. பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் தேர்வு அது. 2022 சுற்றில் கணிதம், வாசிப்பு, அறிவியலோடு முதல்முறையாகப் படைப்புச் சிந்தனையையும் அளந்தார்கள். அதன் முடிவு 2024 ஜூனில் வெளிவந்தது. 60 புள்ளிகளுக்கு சிங்கப்பூர் 41 பெற்று முதலிடம் பிடித்தது. பீசாவை நடத்தும் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடியின் உறுப்பு நாடுகளின் சராசரி 33. அதே சுற்றில் கணிதத்திலும் சிங்கப்பூர்தான் முதலிடம். கெடுபிடியான தேர்வுமுறைக்குப் பேர்போன ஒரு நாடு இரண்டிலும் முன்னே நிற்பதைப் பார்த்தால், மதிப்பெண்ணும் படைப்பாற்றலும் எதிரெதிர்த் துருவங்கள் என்ற வழக்கமான வாதம் கொஞ்சம் ஆட்டம் காணத்தான் செய்கிறது. ஒரு நாட்டின் எண்ணை வைத்துக் காரணம் சொல்லிவிட முடியாது என்பதும் சரிதான்.

படைப்பாற்றல் என்று எதைச் சொல்கிறோம்

இந்தத் துறையில் ஆய்வு சூடுபிடித்தது 1950-இல். அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக உரையாற்றிய ஜே.பி. கில்ஃபோர்ட், உளவியலாளர்கள் படைப்பாற்றலைக் கண்டுகொள்வதே இல்லை என்று அன்று குறைபட்டுக்கொண்டார். அதற்குப் பின் வந்த சோதனைகள் பெரும்பாலும் ‘விரிசிந்தனை’யை அளந்தன: ஒரு செங்கல்லை வைத்து என்னென்ன செய்யலாம் என்று கேட்டு, எத்தனை பதில் வருகிறது, அவற்றில் எத்தனை மற்றவர்களுக்குத் தோன்றாதவை என்று எண்ணுவது. நல்ல தொடக்கம்தான். ஆனால் செங்கல்லுக்கு நாற்பது பயன்பாடு சொல்கிற பிள்ளை அவற்றில் ஒன்றையாவது செய்து முடிக்குமா என்பதை அந்தச் சோதனை சொல்லாது.

பள்ளிகளுக்கு அதிகம் பயன்பட்ட வரையறை 1999-இல் இங்கிலாந்தில் வந்தது. அரசு நியமித்த குழு, தலைவர் கல்வியாளர் கென் ராபின்சன். அவர்கள் சொன்னதன் சாரம் இது: கற்பனையை ஒரு நோக்கத்தோடு செயலில் இறக்கி, புதிதாகவும் மதிப்புள்ளதாகவும் ஒன்றை உருவாக்குவது. ‘புதிது’ என்பதற்கும் அவர்கள் படிநிலை வைத்தார்கள். உலக வரலாற்றுக்கே புதிது என்பது மேல்படி. சகமாணவர்களோடு ஒப்பிடும்போது புதிது என்பது அடுத்தது. அந்தப் பிள்ளை இதுவரை செய்ததோடு ஒப்பிட்டால் புதிது என்பதும் கணக்கில் சேரும். ஒரு வகுப்பில் நடப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான். அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

2013-இல் பில் லூகாஸ், கை கிளாக்ஸ்டன், எலன் ஸ்பென்சர் ஆகிய மூன்று கல்வி ஆய்வாளர்களும் இதை ஐந்து பழக்கங்களாகப் பிரித்துக் கொடுத்தார்கள்: துருவிக் கேட்பது, கற்பனை செய்வது, விடாமல் முயல்வது, சேர்ந்து உழைப்பது, ஒழுங்கோடு செய்து திருத்துவது. பட்டியலின் பின்பாதியைக் கவனியுங்கள். படைப்பாற்றல் என்றதும் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராதவை அவை. பிள்ளையை ‘அதன் போக்கில் விட்டுவிட்டால்’ தானாக மலர்ந்துவிடும் என்று பேசுகிறவர்கள் கோட்டைவிடும் இடமும் அதுவே.

அதற்குக் கலைஞர் எதற்கு?

நியாயமான கேள்வி. பொறியாளருக்கும் விஞ்ஞானிக்கும் இல்லாத படைப்பாற்றலா? உண்மையில் இத்தகைய திட்டங்கள் பலவற்றில் கட்டடக் கலைஞர்களும் விஞ்ஞானிகளும் வடிவமைப்பாளர்களும் வகுப்புக்குப் போயிருக்கிறார்கள்.

கலைஞர்களிடம் உள்ள வசதி, அவர்கள் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியும் என்பது. வரைகிறார், பிடிக்கவில்லை, அழிக்கிறார், தள்ளி நின்று பார்க்கிறார், பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறார், மறுபடி தொடங்குகிறார். எல்லாம் பிள்ளைகள் முன்னால் நடக்கிறது. ஆசிரியரின் நிலைமை வேறு. விடை தெரிந்த கேள்வியைத்தான் அவர் பெரும்பாலும் கேட்டாக வேண்டும். பாடத்திட்டம் அப்படி அமைந்திருக்கிறது. விடை தெரியாமலே நிதானமாக வேலை செய்கிற ஒரு பெரியவரைப் பள்ளிக்குள் பிள்ளைகள் பார்ப்பது அபூர்வம்.

கலைஞர் வரும் வழிகள்

‘கலைஞரோடு கூட்டு’ என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு விஷயங்கள் உலவுகின்றன. குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

1. காட்டிவிட்டுப் போவது. நாடகக் குழு வருகிறது, நடிக்கிறது, கைதட்டல், கிளம்புகிறது. இதையே நாடு முழுக்க ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதற்கு நார்வே உதாரணம். 2001 முதல் அங்கே தேசியத் திட்டம் ஒன்று எல்லாப் பள்ளி மாணவர்களுக்கும் தொழில்முறைக் கலைகளைக் கொண்டுபோகிறது. எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் நல்ல கலையைப் பார்க்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் இதனாலேயே பிள்ளையின் சிந்திக்கும் முறை மாறும் என்று எதிர்பார்ப்பது அதிகப்படி.

2. பட்டறை. ஒருநாள் அல்லது ஒருவாரம் களிமண், முகமூடி, பாட்டு. உற்சாகமாக இருக்கும். அடுத்த திங்கட்கிழமை வகுப்பு பழையபடி நடக்கும்.

3. கூட்டுப் பாடம். ஆசிரியரும் கலைஞரும் சேர்ந்து ஒரு பாடப்பகுதியைத் திட்டமிட்டு, சேர்ந்து நடத்துவது. பல வாரங்கள் பிடிக்கும். கலைக்கு வெளியே உள்ள பாடமாகவும் இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

4. கலைஞரே பள்ளியின் நிரந்தர ஊழியராக இருப்பது. இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியா நகராட்சி மழலைப் பள்ளிகள் இதற்குப் பேர்பெற்றவை. லோரிஸ் மலகுட்ஸி 1960-களில் கட்டியெழுப்பிய அந்த முறையில், கலைப் பின்னணி உள்ள ஒருவர் தனிப் பணிக்கூடத்தோடு ஆசிரியர்களுடன் சேர்ந்து வேலை செய்வார். செலவு அதிகம்.

படைப்பாற்றலை வளர்ப்பதாகச் சொல்லும் அறிவிப்பு உண்மையில் மூன்றாவதைத்தான் வாக்களிக்கிறது. பல இடங்களில் கிடைப்பது இரண்டாவது.

விகிதப் பாடத்துக்கு ஒரு நிழற்பாவை

கூட்டுப் பாடம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்பு, கணிதம், விகிதம். நிழற்பாவைக் கலைஞர் ஒருவர் வருகிறார். முந்தைய வாரமே அவரும் கணித ஆசிரியரும் உட்கார்ந்து ஒரு கேள்வியை முடிவு செய்திருக்கிறார்கள்: ஒரே பாவையைச் சிறுவனாகவும் அரக்கனாகவும் காட்ட முடியுமா?

அட்டையில் வெட்டிய 15 செ.மீ. உயரப் பாவை. விளக்கிலிருந்து 200 செ.மீ. தள்ளித் திரை. முதல் சிக்கல் விளக்கிலேயே வரும். நீளமான ட்யூப்லைட்டின் முன் பாவையைப் பிடித்தால் நிழலின் ஓரம் மங்கிக் கரைந்துபோகும். கைபேசி டார்ச் போன்ற சிறு புள்ளி வெளிச்சம்தான் கூர்மையான நிழல் தரும். கலைஞருக்கு இது அத்துப்படி. ஆனாலும் சொல்ல மாட்டார். “ரெண்டையும் வச்சுப் பாருங்க” என்பார்.

பாவை திரையை ஒட்டி இருக்கும்போது நிழலும் 15 செ.மீ. விளக்கை நோக்கி 50 செ.மீ. நகர்த்தினால் நிழல் 20 ஆகிறது. ஐந்து கூடியிருக்கிறது, அப்படியானால் அடுத்த நகர்வில் 25, அதற்கடுத்து 30 என்று பிள்ளைகள் ஊகிப்பார்கள். இன்னொரு 50 செ.மீ. நகர்த்துகிறார்கள். 30 வருகிறது. அளந்தவன் தப்பாக அளந்தான் என்று சண்டை. மறுபடி அளக்கிறார்கள், அதே 30. மேலும் 50 நகர்த்தினால் ஒரேயடியாக 60. எல்லா நகர்வும் ஒரே அளவு, நிழல் மட்டும் தாவித் தாவி வளர்கிறது. ஏன்?

அன்றைக்கு விடை சொல்லப்படுவதில்லை. அரக்கன் சிறுவனைப்போல் சரியாக மூன்று மடங்கு தெரிய வேண்டும் என்று ஒரு குழு அடம்பிடிக்கிறது. கையால் முன்னும் பின்னும் நகர்த்தித் தேடுகிறார்கள். நடுவில் பாவையின் தோள் மூட்டு கிழிகிறது. வேறு அட்டையில் வெட்டி ஒட்டுகிறார்கள். கலைஞர் ஒரு குழுவிடம் மட்டும், “அரக்கன் பெருசா இருக்கான், ஆனா பயமா இல்லையே” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

மறுநாள் கணித ஆசிரியர் அந்த எண்களைப் பலகையில் எழுதுகிறார். விளக்கிலிருந்து பாவையின் தூரம்: 200, 150, 100, 50. நிழல்: 15, 20, 30, 60. ஒவ்வொரு சோடியையும் பெருக்கச் சொல்கிறார். எல்லாமே 3000. எதிர் விகிதம் என்ற பெயர் அப்போதுதான் வருகிறது. மூன்று மடங்கு நிழல் வேண்டுமென்றால் தூரத்தை மூன்றில் ஒன்றாக்க வேண்டும்: சிறுவன் 150 செ.மீ.-இல், அரக்கன் 50 செ.மீ.-இல்.

இதில் யார் என்ன செய்தார்கள் என்று பிரித்துப் பாருங்கள். கலைஞர் மட்டும் இருந்திருந்தால் நல்ல கூத்து நடந்திருக்கும், விகிதம் கைநழுவிப் போயிருக்கும். ஆசிரியர் மட்டும் இருந்திருந்தால் சூத்திரம் முதல் நிமிடத்திலேயே பலகைக்கு வந்திருக்கும். சூத்திரத்தை ஒருநாள் தள்ளிப்போட்டதுதான் இதில் நடந்த கூட்டுவேலை. அந்த முடிவு வகுப்பறையில் எடுக்கப்பட்டதல்ல, முந்தைய வாரத் திட்டமிடலில் எடுக்கப்பட்டது. மொத்தத் திட்டத்திலும் விலைமதிப்புள்ள நேரம் அதுதான் என்பேன். பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படுவதும் அதுவே.

பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள்

1999 அறிக்கைக்குப் பிறகு, இங்கிலாந்தின் கலைகள் மன்றம் 2002-இல் ‘கிரியேட்டிவ் பார்ட்னர்ஷிப்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. வசதி குறைந்த பகுதிகளுக்கு முன்னுரிமை. அதில் உருவான வேலைப் பிரிவினை பின்னால் பல நாடுகளுக்குப் போனது. மூன்று பாத்திரங்கள்:

1. படைப்பு முகவர். இவர் வகுப்பெடுக்க வருபவர் அல்ல. பள்ளியோடு உட்கார்ந்து, “உங்களுக்கு உண்மையில் எது பிரச்சினை?” என்று கேட்பவர். பிள்ளைகள் எழுதத் தயங்குகிறார்களா, அறிவியல் வகுப்பில் கேள்வியே கேட்பதில்லையா? அதை ஆராயத்தக்க ஒரு கேள்வியாக மாற்றி, அதற்கேற்ற கலைஞரைத் தேடித் தருவார்.

2. படைப்புப் பணியாளர். வகுப்பில் வேலை செய்யும் கலைஞர் இவர்.

3. ஆசிரியர். திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பின்னர் அலசுவதிலும் சரிபாதிப் பங்காளி.

முகவர் என்ற அந்த முதல் ஆள் எதற்கு என்று தோன்றலாம். அவர் இல்லாவிட்டால் பள்ளி தனக்குத் தெரிந்த கலைஞரைக் கூப்பிடும், கலைஞர் தனக்குத் தெரிந்ததைச் செய்வார், பள்ளியின் சிக்கல் அப்படியே கிடக்கும்.

அரசுச் செலவுக் குறைப்பில் நிதி நிறுத்தப்பட்டு 2011-இல் அந்தத் திட்டம் முடிந்தது. ஆனால் முறை பிழைத்துக்கொண்டது. வேல்ஸில் 2015-இல் அரசும் அங்குள்ள கலைகள் மன்றமும் சேர்ந்து ஏறத்தாழ இதே அமைப்பில் ஒரு பள்ளித் திட்டம் தொடங்கின. அங்கே 2022 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தின் நான்கு நோக்கங்களில் ஒன்றிலேயே படைப்பாற்றல் இடம்பெறுகிறது. அதனால் ஆசிரியர் இதைச் செய்யப் பாடத்திட்டத்திடமிருந்து நேரம் திருட வேண்டியதில்லை. அயர்லாந்தும் 2018-இல் தன் திட்டத்தைத் தொடங்கியது.

பலன் உண்டா?

இங்கேதான் நிதானம் தேவை. “கலை படித்தால் கணிதத்தில் மதிப்பெண் கூடும்” என்ற விளம்பர வாசகத்துக்கு ஆதாரம் மெலிவானது. 2000-இல் எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து அலசினார்கள். வகுப்பறை நாடகம் மொழித்திறனை வளர்க்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடைத்தது. ஓவியம் படிப்பதால் மற்றப் பாட மதிப்பெண்கள் உயர்கின்றன என்பதற்குக் கிடைக்கவில்லை. 2013-இல் ஓஇசிடிக்காக வின்னர் உள்ளிட்டோர் செய்த மறுபார்வையும் கிட்டத்தட்ட இதே பக்கம்தான் நின்றது.

அப்புறம் 2019-இல் ஹூஸ்டன் ஆய்வு வந்தது. அமெரிக்காவின் அந்த நகரில் 42 பள்ளிகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். எந்தப் பள்ளிக்குக் கலைக் கூட்டுத்திட்டம் போகும் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். இது ஏன் முக்கியம்? பொதுவாக ஆர்வமும் பணமும் உள்ள பள்ளிகளே கலைஞர்களை அழைக்கும்; அங்கே பிள்ளைகள் நன்றாகச் செய்தால் அது கலையாலா, பணத்தாலா என்று சொல்ல முடியாது. குலுக்கல் அந்தச் சந்தேகத்தை நீக்குகிறது.

முடிவு: ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான மாணவர்களின் விகிதம் 3.6 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. எழுத்துத் தேர்வில் முன்னேற்றம் தெரிந்தது. பிறர் துன்பத்தைப் பொருட்படுத்தும் குணமும் சிறிது கூடியது. கணிதம், வாசிப்பு, அறிவியல் மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. “பாட நேரம் வீணாகிறது” என்பவர்களுக்கு இந்தக் கடைசி வரியே போதுமான பதில். “மதிப்பெண் ஏறும்” என்று விற்பவர்களுக்கும் அதே வரி பதில்.

சறுக்கும் இடங்கள்

1. ஆசிரியர் பின்வரிசையில். கலைஞர் வந்ததும் ஆசிரியர் நோட்டுத் திருத்தப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, வேலைப்பளு அப்படி. ஆனால் கலைஞர் கிளம்பும் நாளில் அந்த முறையும் அவரோடு கிளம்பிவிடும். பள்ளியில் தங்கப்போவது ஆசிரியர்தான் என்பதால், செலவழிக்கும் பணத்தின் பலன் அவரிடம் சேர்கிறதா என்பதே முதல் கேள்வி.

2. ஆண்டுவிழா இழுப்பு. பத்து வாரத் திட்டம் என்று தொடங்கும். ஏழாவது வாரத்தில், “பெற்றோர் வருவார்கள், ஏதாவது காட்டணுமே” என்று பேச்சு வரும். மீதி வாரங்கள் ஒத்திகையாகும். சுவரோவியமாக இருந்தால் கடைசிநாள் இரவில் கலைஞரே உட்கார்ந்து பிள்ளைகளின் கோணல் கோடுகளைச் சரிசெய்வார். படம் அழகாகத்தான் இருக்கும்.

3. தேர்ந்தெடுத்த பிள்ளைகள். “நல்லா வரைகிற பத்துப் பேரை அனுப்புங்க.” ஏற்கெனவே தன்னம்பிக்கை உள்ளவர்களுக்கே வாய்ப்புப் போகும்.

4. திட்டமிடலுக்குச் சம்பளம் இல்லை. கலைஞர்களில் பெரும்பாலோர் நிலையான வருமானம் இல்லாதவர்கள். வகுப்பில் நிற்கும் மணிக்கு மட்டும் கணக்குப் பார்த்தால், தயார்நிலையில் உள்ள பழைய பட்டறையைத்தான் அவர்கள் கொண்டுவர முடியும். அதில் அவர்கள் தவறு ஒன்றும் இல்லை.

வெளியாள் பள்ளிக்குள் வருவதால் பின்னணிச் சரிபார்ப்பும், ஆசிரியர் எப்போதும் அறையில் இருப்பதும் கட்டாயம். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

இதை எப்படி மதிப்பிடுவது?

பீசா செய்வது ஒரு வழி. மாணவரின் யோசனை மற்றவர்களும் வழக்கமாகச் சொல்வதா, அரிதாக வருவதா என்று பார்த்துப் புள்ளி தருவார்கள். பல்வேறு யோசனைகளைத் தருவதும், ஒரு யோசனையைத் திருத்தி மேம்படுத்துவதும் தனித்தனியாக அளக்கப்படும். நாடுகளை ஒப்பிட அது பொருந்தும். வகுப்பறையில் அதை அப்படியே இறக்கினால் விபரீதம். பரிசும் மதிப்பீடும் தலைமேல் தொங்கும்போது ஆட்கள் பாதுகாப்பான வழியையே தேடுவார்கள் என்று உளவியலாளர் டெரேசா அமபிலியின் ஆய்வுகள் காட்டின. ‘கற்பனைக்கு 10 மதிப்பெண்’ என்று அறிவித்தால், ஆசிரியருக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடிக்கும் திறமைதான் வளரும்.

நடைமுறையில் உதவுவது, மேலே சொன்ன ஐந்து பழக்கங்களை வைத்துத் திட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஆசிரியரும் மாணவரும் குறித்துவைப்பது. கூடவே கிழித்துப்போட்ட வரைவுகளையும் சேர்த்துவைப்பது. ஒட்டுப்போட்ட பாவை, முடிந்த நாடகத்தைவிட அதிகம் சொல்லும்.

உங்கள் பிள்ளையின் பள்ளி அறிவித்தால்

கேட்க வேண்டியவை அதிகமில்லை. எந்தப் பாடத்தில், எந்தச் சிக்கலுக்காக இந்தத் திட்டம்? வகுப்பு முழுவதற்குமா, தேர்ந்தெடுத்தவர்களுக்கா? எத்தனை வாரம்? கலைஞரும் ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து திட்டமிட எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள், அதற்கு இருவருக்கும் யார் ஈடு தருகிறார்கள்? இந்த நான்காவது கேள்விக்குப் பள்ளியிடம் பதில் இருந்தால் மற்ற மூன்றையும் ஏற்கெனவே யோசித்திருப்பார்கள். பதில் இல்லையென்றால் வருவது பட்டறை. அதைப் பட்டறை என்றே எடுத்துக்கொண்டு, பிள்ளையைச் சந்தோஷமாக அனுப்பிவைக்கலாம்.